மறதிக் கொட்டகை

அக்காவும் தங்கையுமாக அவர்கள் இரண்டே பேர். அக்காவுக்குப் பேசுவது தொழில், தங்கைக்குச் செடி வைப்பது. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, பல் பிடுங்க வந்தவனைக்கூடச் சிரிக்க வைத்து உள்ளே அனுப்புகிற வாய் அக்காவுக்கு. தங்கைக்கு அந்த வாயில் பாதிகூடக் கிடையாது. அவள் காசு உள்ளவர்களின் வீட்டுக்குள் காடு கட்டித் தருகிறவள். வரவேற்பறையில் அருவி வேண்டும், குளியலறையில் மூங்கில் வேண்டும், மாடிப்படிக்கு அடியில் பாசி வேண்டும் என்று கேட்டு வருவார்கள். காடு வேண்டும், பூச்சி வேண்டாம். மழை வேண்டும், ஈரம் வேண்டாம் என்பார்கள். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு அளவெடுப்பாள்.

அதிகம் விலை போவது செடிச்சுவர்தான். சுவரில் இரும்புச் சட்டம் அடித்து, அதில் மேசை இழுப்பறை போலத் தட்டு தட்டாகச் செடிகளைச் செருகுவார்கள். மேலே சொட்டு நீர்க் குழாய், கீழே வடிகிற தண்ணீருக்கு ஒரு வாய்க்கால். தரையிலிருந்து கூரை வரை பெரணியும் மணி பிளான்டும் படர்ந்து நிற்கும்போது, பார்க்கிறவர்களுக்கு வீடு மூச்சு விடுவது போல இருக்கும். இந்த வரியை அவளுடைய விளம்பரத்தாளிலேயே போட்டிருந்தாள். பிற்பாடு அந்தத் தாள் கண்ணில் பட்டாலே மடித்து வைத்துவிடுவாள்.

இந்தத் தொழிலில் ஒரு விஷயம் உண்டு. ஒரு வீட்டிலிருந்து கழற்றி வந்த செடியை அப்படியே இன்னொரு வீட்டில் மாட்டக் கூடாது. ஜன்னல் எந்தப் பக்கம், விளக்கு எந்தப் பக்கம் என்று செடி பழகியிருக்கும். புது வீட்டுக்கு வந்த பிறகும் பழைய ஜன்னலைத் தேடிக்கொண்டு கோணலாக நிற்கும், பார்க்கச் சகிக்காது. அதனால் பட்டறைக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டிருந்தாள். நாலு பக்கமும் கூரையும் நிழல்வலை. எந்தப் பக்கமும் கூடுதல் வெளிச்சம் கிடையாது. பழைய இலைகளைக் கத்தரித்து உள்ளே வைத்துவிட்டால், புது இலை வருவதற்குள் செடி பழைய வீட்டை மறந்துவிடும். அதற்கு மறதிக் கொட்டகை என்று பெயர் வைத்தவள் அவள்தான். அதில் இருக்காமல் எந்தச் செடியும் வெளியே போகக் கூடாது என்று சட்டம் போட்டவளும் அவள்தான். அந்தச் சட்டத்தை மீறினவளும் வேறு யாரும் இல்லை. அதுவும் சொந்த அக்காவுக்காக மீறினாள்.

அத்தான் இறந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. நல்ல மனிதர். முதுகுவலிக்காரர். நாற்காலி அவருக்கு ஆகாது. வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் தரையில் பாய் விரித்து, தலைக்குக் கையைக் கொடுத்துப் படுத்துக்கொண்டு, அக்கா பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் காலையில் அக்கா குளித்துக்கொண்டிருந்தபோது பல்பு வாங்கக் கடைக்குப் போனார். போயிட்டு வரேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பல்பு வாங்க யார் சொல்லிக்கொண்டு போகிறார்கள்? கடைவாசலிலேயே விழுந்துவிட்டார்.

அன்றைக்கு அடைபட்ட அக்காவின் வாய் அதன் பிறகு திறக்கவே இல்லை. அழவும் இல்லை. வேலைக்கு நீண்ட விடுப்பு. திரைச்சீலை இறக்கியே கிடந்தது. தங்கை கொண்டுபோய் வைக்கும் சாப்பாடு மறுநாள் அப்படியே இருக்கும். வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் மறந்துட்டு ஆகவேண்டியதைப் பாரு என்று ஒரே பாட்டைப் பாடிவிட்டுப் போனார்கள். தங்கையும் அதையேதான் பாடினாள். வேறு பாட்டு அவளுக்குத் தெரியவில்லை. அக்கா இப்படியே ஒருநாள் சத்தமில்லாமல் அணைந்துவிடுவாள் என்கிற பயம் மட்டும் அவள் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது.

அந்த நேரத்தில்தான் அச்சகக்காரர் வீட்டு மருமகளிடமிருந்து போன் வந்தது. அச்சகக்காரர் தங்கையின் பழைய வாடிக்கையாளர், அந்த மாதம்தான் காலமாகியிருந்தார். அவர் அறையில் வைத்த செடிச்சுவரை உடனே கழற்றிக்கொண்டு போக வேண்டும், இன்றைக்கே போக வேண்டும் என்றாள் மருமகள். தங்கை போய்ப் பார்த்தால், அப்படி ஒரு சுவரை அவளே பார்த்ததில்லை. ஒரு இலை பழுக்கவில்லை. பெரணி ஒவ்வொன்றும் முழங்கை நீளம். இதைக் கத்தரிக்க எந்தக் கைக்கு மனம் வரும்? அக்கா வீட்டு ஹாலும் இதே உயரம்தான் என்பது அவளுக்கு நினைவு வந்தது. கொட்டகைக்குப் போகவேண்டிய வண்டி நேராக அக்கா வீட்டுக்குப் போனது.

சட்டம் அடிக்கும்போது அக்கா ஏன் என்று கேட்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தண்ணீர் விடுவதற்காகத் தங்கை அடுத்த வாரம் போனபோது திரைச்சீலை விலகியிருந்தது. அதற்கடுத்த வாரம் அடுப்பில் டீ கொதித்தது. தங்கைக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பச்சையைக் கண்டால் மனசு மலரும் என்று வாடிக்கையாளர்களிடம் வாய் கிழியப் பேசியதெல்லாம் நிஜமாகவே நிஜம் போலிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

இலைகள் சாய்ந்திருப்பதை அப்போதுதான் கவனித்தாள்.

சாய்வது புதிதில்லை. செடி என்றால் ஜன்னல் பக்கம் சாயும். ஆனால் ஜன்னல் இடப்பக்கம் இருந்தது. இலைகள் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. பெரணி, மணி பிளான்ட், கோலியஸ், எல்லாமே ஒரே பக்கம். வகுப்புக்குள் யாரோ வந்ததும் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. அந்தப் பக்கம் விளக்கும் இல்லை, கண்ணாடியும் இல்லை. மூலையில் ஒரு பிரம்பு நாற்காலி இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்களை உட்காரச் சொல்லிப் போடுகிற நாற்காலி. வெளிச்சமானியை வைத்துப் பார்த்தாள். அந்த ஹாலிலேயே இருட்டான இடம் அதுதான்.

பழைய வீட்டு ஞாபகம் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். கொட்டகையில் வைக்காததன் பலன். இதற்குத் தொழிலில் ஒரு சுலபமான வழி உண்டு: தட்டை உருவி, இடவலமாகத் திருப்பிச் செருகுவது. எல்லாத் தட்டையும் திருப்பினாள். அடுத்த வாரம் வந்தபோது எல்லா இலையும் மறுபடி நாற்காலிப் பக்கம். அவளுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. அக்கா சமையலறையில் இருக்கும்போது நாற்காலியை இழுத்து ஜன்னலோரம் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போலக் கிளம்பிப் போனாள். மறுநாளே சாக்குச் சொல்லிக்கொண்டு திரும்பி வந்தாள். இலைகள் இப்போது ஜன்னல் பக்கம் இருந்தன. அப்பாடா, வெளிச்சம்தான் என்று மூச்சு விட்டவள், நாற்காலியை ஹாலின் நடுவுக்கு நகர்த்தினாள். அன்று சாயங்காலத்துக்குள் சுவர் மொத்தமும் நடு ஹாலைப் பார்த்து நின்றது.

"அதை ஏன் இழுத்துக்கிட்டே இருக்கே?" என்றாள் அக்கா. "உட்கார்ந்திருக்கிறவங்களை இப்படியா அலைக்கழிப்பாங்க?"

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்துத் தங்கை சிரித்துவைத்தாள். அக்கா சிரிக்கவில்லை. அவள் நாற்காலியைப் பழைய மூலைக்குக் கொண்டுபோகவில்லை, அதன் முதுகைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போனாள். மேசையில் இரண்டு டம்ளர் இருந்தன. ஒன்றில் டீ ஆடை கட்டிக் கிடந்தது.

அதற்குப் பிறகு தங்கை அந்த வீட்டுக்குள் நுழையும் முன் வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தாள். உள்ளே அக்கா பேசிக்கொண்டிருப்பாள். பல் மருத்துவமனைக் கதைகள், சின்ன வயதுச் சண்டைகள், எல்லாம். நடுவே நிறுத்துவாள். பதில் வந்தது போல ம்ம் என்பாள். மறுபடி தொடருவாள். கதவைத் தட்டினால் பேச்சு நின்றுவிடும். வாரம் போகப் போக அக்கா சமையலறைக்குக்கூடப் போவதில்லை. பிஸ்கட் டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஹாலிலேயே தூங்கினாள். விடுப்பு முடியப் போகிறது என்று மருத்துவமனையிலிருந்து கேட்டதற்கு, இனி வரவில்லை என்று சொல்லிவிட்டாளாம். உடம்பு நூலாகிக்கொண்டு வந்தது. ஆனால் முகத்தில் மட்டும் அப்படி ஒரு தெளிச்சி.

அத்தான்தான் என்று அக்கா நம்புகிறாள். தங்கைக்கு அப்படித்தான் தோன்றியது. அந்த நினைப்பே அவளை அரித்தது. ஏனென்றால் அந்தச் செடிகள் வேறு வீட்டிலிருந்து வந்தவை. வந்திருப்பது யாராக இருந்தாலும் அது அத்தானாக இருக்க முடியாது.

அச்சகக்காரர் வீட்டுக்குப் போனாள். மருமகள் வாசலிலேயே நிறுத்திப் பேசினாள். மாமனாரின் அறை காலியாகத்தான் இருந்தது, கதவு மட்டும் திறந்து கிடந்தது. செடி எப்படி இருக்கு என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அவளே சொன்னாள்: சாயுதா?

அவள் சொன்னது இதுதான். செடிச்சுவர் வைத்த புதிதிலேயே இலைகள் ஒரு வெறும் மூலையைப் பார்த்துச் சாய ஆரம்பித்தன. மாமனார் அப்போது நல்ல திடகாத்திரம். அச்சகத்துக்குப் போகிறார், வருகிறார், எல்லாரையும் வைகிறார். வேடிக்கையாக இருக்கிறதே என்று அந்த மூலைக்கு எதிரே தன் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்துவிட்டது என்பார். முதலில் அச்சகத்துக்குப் போவது நின்றது. பிறகு சாப்பாட்டு மேசைக்கு வருவது நின்றது. ஒருநாள் எல்லாமே நின்றுவிட்டது.

"யாருன்னு அவர் கேக்கலையா?" என்றாள் தங்கை.

"கேட்டா மரியாதையில்லைன்னு சொல்லுவார். வந்தவங்களை யாருன்னு கேக்குறதாம்பார்," என்றாள் மருமகள். "அது கெட்டதுன்னு நான் சொல்ல மாட்டேங்க. ஒரு கெடுதலும் பண்ணல. சும்மா கேட்டுக்கிட்டே இருக்கும். பேசறவங்கதான் எழுந்திருக்க மாட்டாங்க."

தங்கை அங்கே மேற்கொண்டு நிற்கவில்லை. நேராக அக்கா வீட்டுக்கு வந்தாள். அக்கா தரையில், நாற்காலிக்கு எதிரே, காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். தங்கை கைப்பையைக்கூட இறக்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். செடி பழையது, இன்னொருத்தர் வீட்டிலிருந்து கழற்றியது, கொட்டகையில் வைக்காமல் கொண்டுவந்தது தன் தப்பு, அந்த மனிதர் எப்படிப் போனார், எல்லாம் சொன்னாள். சொல்லவேண்டிய ஒன்றைக் கடைசிக்கு வைத்திருந்தாள்.

"அக்கா, இது அத்தான் இல்லை."

அக்கா அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். கணக்குத் தெரியாத பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

"தெரியுமே. முதல் நாளே தெரியும். உங்க அத்தான் என்னைக்குடி நாற்காலியில உட்கார்ந்தார்?"

தங்கை நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷம் இந்த வீட்டுக்கு வந்து போகிறாள். அந்த நாற்காலியில் அவள்தான் உட்காருவாள், அத்தான் தரையில் கிடப்பார். அது ஏன் அவளுக்குத் தோன்றவில்லை என்று இப்போதும் அவளுக்குப் புரியவில்லை.

"அப்ப யார் இது?"

"விருந்தாளி," என்றாள் அக்கா. "யாரா இருந்தா என்ன? எல்லாரும் என்னை மறக்கச் சொன்னீங்க. இவர் ஒருத்தர்தான் சொல்லுன்னு உட்கார்ந்திருக்கார்."

அதைக் கேட்டபோது தங்கைக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் யார் மேல் என்றுதான் தெரியவில்லை. ஒரு வருஷமாகச் சாப்பாடு கொண்டு வந்தாள், மாத்திரை கொண்டு வந்தாள், ஒரு காடே கொண்டு வந்தாள். ஒருநாள்கூட எதிரே உட்கார்ந்து, சொல்லு என்று அவள் சொன்னதில்லை. செடிச்சுவரைப் பிய்த்து எறிகிறேன் என்று சட்டத்தின் மேல் கையை வைத்தாள். அக்கா தடுக்கவில்லை. செடியை எடுத்தால் அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது தெரியாமல் போகும், அவ்வளவுதான் என்றாள். ஆள் போய்விடுவாரா என்று கேட்டாள். தங்கையின் கை தானாக இறங்கியது. சாய்ந்து காட்டச் செடிகள் இல்லாத வீட்டில், அது எந்த மூலையில் இருக்கிறது என்று தெரியாமல் அக்காவைத் தனியாக விட்டுப் போவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"அப்ப போகச் சொல்லு அக்கா. நீ சொன்னா கேக்கும்."

"விருந்தாளியை நான் போகச் சொல்ல மாட்டேன்," என்றாள் அக்கா. பிறகு நாற்காலியைப் பார்த்துவிட்டு, "நீதான கூட்டிட்டு வந்தே. நீ கூப்பிட்டா வந்தாலும் வருவார்," என்றாள்.

அன்று சாயங்காலம் அக்காவை ஒருவழியாகக் குளிக்க அனுப்பிவிட்டு, தங்கை அந்த நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தாள். சுவர் முழுக்க இலைகள் அவள் தோளுக்கு மேலாக அந்த நாற்காலியைப் பார்த்திருந்தன. வெறும் பிரம்பு. உட்காரும் இடத்தில் பிரம்பு லேசாகக் குழிந்திருந்தது. நாற்காலி பழையது, குழிந்துதான் இருக்கும். என்ன சொல்லிக் கூப்பிடுவது, அய்யா என்பதா, அம்மா என்பதா என்று ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் வாடிக்கையாளரிடம் பேசுகிற குரலில்தான் பேசினாள்.

"உங்களை இங்க கொண்டு வந்தது நான்தான். தெரியாம செஞ்சுட்டேன். என் பட்டறைக்குப் பின்னாடி ஒரு கொட்டகை இருக்கு. அமைதியா இருக்கும். ஒரு வீட்டை விட்டு வந்தவங்க எல்லாரும் அங்க கொஞ்ச நாள் இருந்துட்டுத்தான் அடுத்த இடத்துக்குப் போவாங்க. நீங்க யாருக்கும் கெடுதல் நினைக்கலைன்னு சொன்னாங்க. எனக்கு இருக்கிறது ஒரே அக்கா. அவ சொல்றதை இனிமே நான் கேக்கறேன். காலையில கிளம்பும்போது கார்ல இடம் இருக்கு."

குழாயில் சொட்டு விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. இவ்வளவு படித்தும் வெறும் நாற்காலியிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறோமே என்று அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது. அக்கா குளித்துவிட்டு வந்தாள். அவள் வந்ததும், வழக்கமாக நாற்காலிக்கு எதிரே போகிறவளைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்து, பல்பு வாங்கப் போன அந்தக் காலையைச் சொல்லு என்றாள் தங்கை. அக்கா ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள். சோப்பு என்ன வாசனை என்பது வரைக்கும் சொன்னாள். தங்கை குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு பேரும் அப்படியே ஹாலில் தூங்கிப்போனார்கள்.

காலையில் தங்கைதான் முதலில் கண் விழித்தாள். சுவரைப் பார்க்கப் பயமாக இருந்ததால், முதலில் கூரையைப் பார்த்தாள், பிறகு நாற்காலியைப் பார்த்தாள். கடைசியில்தான் சுவரைப் பார்த்தாள். இலைகள் நாற்காலிப் பக்கம் இல்லை. ஜன்னல் பக்கமும் இல்லை. ஒன்று விடாமல் எல்லாம் வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தன. வாசலில் அவளுடைய செருப்பும், அதன் பக்கத்தில் கார்ச் சாவியை மாட்டிய கொக்கியும் இருந்தன.

அக்கா எழுந்து அதைப் பார்த்தாள். அவள் முகம் மெல்லக் கோணியது. ஒரு வருஷமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது, வாய்விட்டு, பிள்ளைகள் அழுவது போல.

"அவர் சொல்லாம போயிட்டார்டி," என்றாள். "இவராவது சொல்லிட்டுப் போறார்."

தங்கை அவளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த பிறகு அக்கா எழுந்து முகம் கழுவினாள். தலை வாரினாள். பசிக்கிறது என்றாள். சுவர் இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை வந்து கத்தரித்துத் தருகிறேன் என்று தங்கை சொன்னதற்குச் சரி என்றாள். மருத்துவமனைக்குப் போன் போட்டு, வேலையை வேறு யாருக்கும் கொடுத்துவிடவில்லையே என்று கேட்டாள். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, அக்கா லேசாகச் சிரித்தாள். தங்கை அந்தச் சிரிப்பை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டாள். இனி வருவதை அவள் ஒருத்தியாகப் பார்த்துக்கொள்ள அது போதும் என்று தோன்றியது.

காரின் பின்கதவைத் திறந்தாள். திறந்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல், வயதானவர்களை ஏற்றும்போது நிற்பது போலச் சற்று ஒதுங்கி நின்றாள். தெருவில் போகிறவன் யாராவது பார்த்தால் பைத்தியம் என்பான் என்று நினைத்தாள். பிறகு கதவை மெதுவாகச் சாத்தினாள். கார் துளிகூட அசையவில்லை. ஒன்றுமே இல்லை, எல்லாம் மனப்பிரமை என்று நினைத்துக்கொள்ள அவளுக்கு அந்த ஒரு நிமிஷம் கிடைத்தது.

அக்கா வாசலில் வந்து நின்றாள். போயிட்டு வா என்று தங்கையைப் பார்த்துக் கையசைத்தாள். பிறகு கொஞ்சம் குனிந்து, பின்சீட்டைப் பார்த்து, இன்னொரு தடவை கையசைத்தாள். தங்கை பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வண்டியை எடுத்தாள்.